கூடைப்பந்தில் கையிலிருந்து நழுவிய பந்தை எடுத்து மறுபடி டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்வது) செய்யலாமா?

இடதுகை:
ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பு) விதிப்படி இரண்டு சந்தேகம். (1) 7-ஆம் எண் வீரர் டிரிபிளை நிறுத்தி இரண்டு கையாலும் பந்தைப் பிடிக்கிறார். பிடி நழுவி, பந்து தரையில் இரண்டு முறை துள்ளுகிறது. ஓடிப்போய் எடுத்து மறுபடி டிரிபிள் செய்கிறார். நடுவர் டபுள் டிரிபிள் (முடிந்த டிரிபிளை மறுபடி தொடங்கும் விதிமீறல்) கொடுத்தார். சரியா? (2) நடுக்கோட்டைத் தாண்டி ஒரு காலும் பந்தும் முன்பாதிக்கு (எதிரணிப் பக்கம்) போய்விட்டன, இன்னொரு கால் பின்னால். அப்படியே பின்வாங்கினால் பேக்கோர்ட் விதிமீறலா (பந்தை முன்பாதியிலிருந்து பின்பாதிக்கு, அதாவது சொந்தப் பக்கத்துக்கு, திருப்புவது)?

நடுக்கோடு:
முதலாவதில் விசில் சரி, ஆனால் எதற்கு ஊதினார் என்பதைப் பிரித்துப் பாருங்க. நழுவிய பந்தை ஓடி எடுத்தது தப்பே இல்லை. பந்து கையில் இல்லாதபோது எத்தனை அடி வைத்தாலும் டிராவலிங் (பந்தைப் பிடித்துக்கொண்டு அதிக அடி வைக்கும் விதிமீறல்) கிடையாது. ஆனால் இரண்டு கையும் ஒரே நேரத்தில் பந்தைத் தொட்டபோதே முதல் டிரிபிள் முடிந்துபோச்சு. அதனால் எடுத்தவர் பாஸ் போடலாம், ஷாட் அடிக்கலாம். டிரிபிள் மட்டும் கூடாது. இடையில் எதிரணி வீரர் பந்தைத் தொட்டிருந்தால் புது டிரிபிள் செய்யலாம். பாஸ் வாங்கும்போதே நழுவியிருந்தால் அது டிரிபிள் கணக்கிலேயே வராது, எடுத்துத் தாராளமாகத் தொடங்கலாம்.

இரண்டாவது விதிமீறல் இல்லை. டிரிபிள் செய்துகொண்டே கோட்டைத் தாண்டுபவருக்கு இரண்டு கால், பந்து மூன்றும் முழுசா முன்பாதிக்குள் வரணும். அதுவரை அவர் பின்பாதியில்தான் இருக்கிறார், முன்பாதிக்குப் போய்ச்சேரக் கொடுக்கும் 8 விநாடியும் ஓடிக்கொண்டே இருக்கும். நடுக்கோடே பின்பாதியைச் சேர்ந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இடதுகை:
அப்போ ரீபவுண்டை (கூடையில் விழாமல் திரும்பும் பந்தை) தட்டிவிட்டு அது பின்பாதிக்குப் போய், சொந்த அணியே எடுத்தால்?

விசில்_போதும்:
ஆட்டம் தொடரும். ஷாட் கையை விட்டதுமே அணியின் கட்டுப்பாடு முடிந்துவிடுகிறது. தட்டுவது கட்டுப்பாடு ஆகாது. பிடிக்கணும், இல்லை டிரிபிள் செய்யணும். முன்பாதியில் கட்டுப்பாடு, அங்கே கடைசியாகத் தொட்டது அதே அணி, பின்பாதியில் முதலில் தொட்டதும் அதே அணி: இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஊதக்கூடாது. பாஸ் விஷயம் வேறு. பந்து காற்றில் போகும்போதும் அணியின் கட்டுப்பாடு தொடரும். தடுப்பவர் விரல் பட்டுத் திசை மாறினாலும் 24 விநாடிக் கடிகாரம் (ஷாட் அடிக்க அணிக்குள்ள நேரம்) புதுசாகத் தொடங்காது. மேசையில் கடிகாரத்தைக் கவனிப்பவர்கள் அவசரப்பட்டு ரீசெட் செய்வது இங்கேதான்.

டிராவலிங்கும் பந்து எப்போது கைக்கு வந்தது என்பதைப் பொறுத்ததுதான். 2017-லிருந்து, ஓடிக்கொண்டே பிடிப்பவருக்கு அந்த நொடியில் தரையில் இருக்கும் காலை எண்ணுவதில்லை. அடுத்து விழுவது 1, அதற்கடுத்தது 2. டிரிபிள் தொடங்குவதானால் 2 விழுவதற்குள் பந்து கையை விட்டிருக்கணும். நின்று பிடித்தவர் என்றால் பிவட் கால் (ஊன்றி அச்சாக வைத்துத் திரும்பும் கால்) எழும்புமுன் விடணும்.

பந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் இதில் ஒன்றும் பிடிபடாது. பிடித்த நொடியில் கண் காலுக்கு இறங்கணும். எது பிவட் கால் என்று தெரியாவிட்டால், ஆட்டம் எவ்வளவு அசிங்கமாகத் தெரிந்தாலும் ஊதாதீங்க. கேரியிங்கிலும் (டிரிபிளின்போது பந்தை உள்ளங்கையில் தாங்கும் விதிமீறல்) இதே தொல்லைதான்: பந்து தலை உயரம் துள்ளியதென்று ஊதுகிறார்கள். பந்து எவ்வளவு உயரம் போனாலும் பரவாயில்லை, உள்ளங்கையில் தங்கியதா என்று பாருங்க.