மணல் மைதானத்தில் ஜிபிஎஸ் கணக்கு குழப்புது, கருவி பழுதா?

தூத்தூர் பக்கம் 19 வயதுக்குட்பட்ட பையன்களுக்குக் கால்பந்துப் பயிற்சி கொடுக்கிறேன். 10 ஹெர்ட்ஸ் (நொடிக்குப் பத்து தடவை அளக்கிற) ஜிபிஎஸ் கருவி ஆறு இருக்கு, வெஸ்ட்டில் தோள்பட்டைகளுக்கு நடுவே வைப்பது. எங்க விங்கர் (களத்தின் ஓரமா ஓடி ஆடுறவன்) புல்தரையில் ஒரு மேட்ச்சுக்கு 9.8 கி.மீ. ஓடுறான், மணலில் 8.1 தான். ஆனா மணலில் ஆடின அன்னைக்குத்தான் ஆள் தளர்ந்துபோறான். உச்ச வேகம் வேற சில நேரம் மணிக்கு 38 கி.மீ. காட்டுது.

பதில் 1
38-ஐ நம்பாதீங்க அண்ணே. வரைபடத்தில் வேகக் கோட்டைப் பெரிசாக்கிப் பாருங்க. 18-இலிருந்து 38-க்கு ஒரே புள்ளியில், அதாவது 0.1 நொடியில் தாவியிருந்தா அது சிக்னல் பிழை. கணக்குப் போட்டா நொடிக்கு நொடி 55 மீட்டர் வேகம் கூடணும். மனுஷக் காலால ஆகாது.

கருவியை அறைக்குள்ள ஆன் பண்ணி வெஸ்ட்டில் போட்டா இப்படித்தான் வரும். ஆட்டத்துக்கு 15 நிமிஷம் முன்னாடி மைதான நடுவில், திறந்த வானத்துக்குக் கீழே அசையாம வையுங்க. எச்டாப் (HDOP, செயற்கைக்கோள்கள் வானத்தில் இருக்கும் அமைப்பால இடக் கணிப்பு எவ்வளவு பிசகலாம்னு காட்டும் எண்) 1-ஐ ஒட்டி இருந்தா நல்லது, 2-ஐத் தாண்டின பகுதியைக் கணக்கில் சேர்க்காதீங்க. கருவிக்குக் கருவி வித்தியாசம் உண்டு, அதனால ஒருத்தனுக்கு எப்பவும் ஒரே கருவி. டேப் ஒட்டிப் பேர் எழுதிடுங்க. இடைவேளை நேரத்தையும் பதிவிலிருந்து வெட்டி எடுக்கணும்.

பதில் 2
தூரம் குறைஞ்சது பழுது இல்ல. ஜிபிஎஸ்ஸுக்கு உடம்பு நகர்ந்த இடம் மட்டும்தான் தெரியும், கால் புதையுறது தெரியாது. இளகின மணலில் ஓட, கெட்டித் தரையை விட ஏறக்குறைய 1.6 மடங்கு ஆற்றல் வேணும்னு 1998-லேயே பெல்ஜியத்தில் அளந்திருக்காங்க. வேக ஓட்டம், முழுவேக ஓட்டம்னு பிரிக்கிற மணிக்கு 19.8, 25.2 கி.மீ. என்ற எல்லைகள் புல்தரையில் ஆடும் தொழில்முறை ஆண்களை வச்சுப் பழகினவை. மணலில் பையன் 19.8-ஐத் தொடாததால "லேசான ஆட்டம்"னு எடுத்து, மறுநாள் கடுமையாப் பயிற்சி கொடுத்தா தொடைத்தசை போயிடும். இதுதான் பெரிய ஆபத்து.

ஆட்டம் முடிஞ்சு அரைமணி கழிச்சு, எவ்வளவு கஷ்டமா இருந்துச்சுன்னு 0 முதல் 10-க்குள்ள தனித்தனியாக் கேளுங்க. அதை நிமிஷத்தால பெருக்கினா சுமை: 8 × 90 = 720. புல்லுக்கும் மணலுக்கும் தனி ஏடு.

பதில் 3
செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) ஆட்டத்துக்கு மொத்தத் தூரமே பார்க்க வேண்டாம். களம் சின்னது, உச்ச வேகம் வராது. நிமிஷத்துக்கு எத்தனை மீட்டர், சட்டென வேகமெடுத்ததும் நின்றதும் எத்தனை தடவை, அது போதும்.

கேட்டவர்
கோட்டைப் பெரிசாக்கிப் பார்த்தேன். தாவல் எல்லாம் முதல் பாதியில், தென்னந்தோப்பு ஓரம் அவன் ஓடும் பக்கத்தில்தான். அங்க எச்டாப் 2.6.