மறு: உலக ஆர்த்தோடான்டிஸ்ட் அமைப்புக்குத் தமிழ்ப் பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு,

பற்களையும் கடியையும் சீர்செய்யும் மருத்துவர்தான் ஆர்த்தோடான்டிஸ்ட். அவர்களுடைய உலக அமைப்பான "வேர்ல்டு ஃபெடரேஷன் ஆஃப் ஆர்த்தோடான்டிஸ்ட்ஸ்" என்பதற்குத்தான் தமிழ்ப் பெயர் தேடுகிறோம்.

> "உலகப் பல் நேராக்குநர் சங்கம்" என்று வைத்துக்கொள்ளலாமா? எளிமையாக இருக்கிறது.

எளிமை சரிதான். ஆனால் எனக்கு இரண்டு இடத்தில் இடிக்கிறது.

முதலில் "சங்கம்". இந்தத் துறையில் சங்கங்கள் முன்பே இருந்தன. அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1900-இல் செயின்ட் லூயிஸில் தொடங்கியது அமெரிக்கச் சங்கம். 1907-இல் பெர்லினில் ஐரோப்பியச் சங்கம் வந்தது. உலக அளவில் ஒன்று அமையத்தான் அவ்வளவு காலம் பிடித்தது. முதல் பன்னாட்டு மாநாடு 1926-இல் நியூயார்க்கில், அடுத்தது 1931-இல் லண்டனில். மூன்றாவது மாநாடு கூடியபோது 1973 ஆகிவிட்டது! மாநாடு முடிந்தபின் அதைத் தொடர்ந்து சுமக்க ஓர் அமைப்பு இல்லாததும் இதற்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு. நான்காவது மாநாடு சான் பிரான்சிஸ்கோவில் நடந்தபோது, 1995 மே 15 அன்று, 62 நாடுகளைச் சேர்ந்த 69 அமைப்புகள் சாசனத்தில் கையெழுத்திட்டன. நாம் பெயர் தேடுவது அப்படிப் பிறந்த அமைப்புக்கு. சங்கங்கள் சேர்ந்து உண்டாக்கியது என்பதால் "கூட்டமைப்பு" என்பதே சரி. "சம்மேளனம்" பழகிய சொல்தான், ஆனால் அதைக் கேட்டால் எனக்குத் தொழிற்சங்க ஊர்வலம்தான் நினைவுக்கு வருகிறது.

அப்புறம் "நேராக்குநர்". கோணல் பல்லை நிமிர்த்துவது இவர்கள் வேலையில் ஒரு பங்குதான். ஆங்கிள் 1899-இல் வெளியிட்ட வகைப்பாட்டைப் பாருங்கள். மேல் முதல் கடைவாய்ப்பல் கீழ் முதல் கடைவாய்ப்பல்லோடு எப்படிப் பொருந்துகிறது என்பதை வைத்துத்தான் அவர் மூன்று வகையாகப் பிரித்தார். ஒவ்வொரு பல்லும் நேராக நின்றாலும் மேல்வரிசை துருத்திக்கொண்டிருக்கலாம், கீழ்த்தாடை முன்தள்ளியிருக்கலாம். அங்கே நேராக்க ஒன்றுமில்லை. ஆனாலும் சிகிச்சை தேவைப்படும்.

> பல் சீரியல்?

சீர் + இயல் என்று பிரித்துப் பார்க்காமல், கைப்பேசியில் படிப்பவர் இரவு எட்டு மணித் தொடரை நினைத்துக்கொள்வார். வேண்டாம் :-)

> துறைக்குப் "பல் நேராக்கம்" போதாதா?

இதே சிக்கல் ஆங்கிலத்திலும் வந்தது. பழைய பெயர் ஆர்த்தோடான்ஷியா. ஆக்ஸ்போர்டு அகராதியைத் தொகுத்த ஜேம்ஸ் மரேயிடம் கேட்டபோது, அந்த "இயா" ஈறு அம்னீஷியா (நினைவிழப்பு) போல நோய்நிலையைக் குறிப்பது, துறைக்கு "இக்ஸ்" ஈறே பொருந்தும் என்றார். அமெரிக்காவில் அந்த மாற்றம் வேரூன்ற 1930-கள் ஆயின. நமக்குத்தான் "இயல்" கைவசம் இருக்கிறதே. சிகிச்சையின் பெயரைத் துறையின் தலையில் ஏன் கட்ட வேண்டும்?

என் முன்மொழிவு "பல்வரிசை". பெண் பார்க்கப் போன இடத்தில்கூட "பல்வரிசை நல்லா இருக்கு" என்று சொல்கிற ஊர் நம்முடையது. யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. மேல்வரிசை, கீழ்வரிசை, இரண்டும் பொருந்துவது எல்லாம் அதில் அடங்கும். ஆக, துறை பல்வரிசையியல், அவர் பல்வரிசை மருத்துவர், அமைப்பு உலகப் பல்வரிசை மருத்துவர் கூட்டமைப்பு. "பல்வரிசையியலர்" என்றும் ஆக்கலாம், இலக்கணம் இடம் கொடுக்கும். ஆனால் "கிளிப் போடுற டாக்டர் எங்கே?" என்று கேட்டு வருகிறவர் பெயர்ப்பலகையைப் படித்ததும் உள்ளே வர வேண்டாமா?

தாடை விடுபடுகிறது என்று யாராவது சொல்வீர்கள், நியாயம்தான். இந்தியாவில் முதுநிலைப் படிப்பின் பெயரிலேயே முகத்தாடைச் சீரமைப்பும் சேர்ந்து வருகிறது. படிப்புக்கு அப்படி நீட்டி எழுதலாம். இந்த அமைப்பின் மூலப் பெயரில் தாடை இல்லை, நாமாகச் சேர்க்க வேண்டாம்.

குழுவில் உள்ள பல் மருத்துவர்கள் இன்னொன்றும் சொல்லுங்கள்: மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தாத மாலக்குளூஷனுக்குக் "கடிப்பிறழ்வு" போதுமா, "பொருந்தாக்கடி" நல்லதா? எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

அன்புடன்