பொருள்: "புரொம்ப்ட்" தமிழில் என்ன? வியாழனுக்குள் வேண்டும்
(மடற்குழு ஒன்றில் நடந்த உரையாடல். எழுதியவர்களுக்குப் பெயருக்குப் பதில் ஊர்.)

ஹட்டன்:
வணக்கம். சனிக்கிழமை தரம் 10 பிள்ளைகளுக்கு ஏஐ வகுப்பு, கையேடு வியாழன் அச்சுக்குப் போகிறது, "புரொம்ப்ட்", அதாவது ஏஐயிடம் வேண்டியதைக் கேட்டு நாம் எழுதிக் கொடுப்பது, அதற்கு மட்டும் இன்னும் தமிழ்ச் சொல் அமையாமல் முறைத்துக்கொண்டு நிற்கிறது. போன கிழமை ஒரு பிள்ளை "தேயிலை பற்றிக் கட்டுரை" என்று தட்டினாள். அசாம் வந்தது, டார்ஜிலிங் வந்தது, நம் ஊரைக் காணோம். பிறகு "நான் தரம் 10 மாணவி, நுவரெலியா மாவட்டத்தில் கொழுந்து பறிப்பவரின் ஒரு நாள், பத்து வசனம், எளிய தமிழ்" என்று எழுத வைத்தேன். கட்டுரையே வேறாகிவிட்டது. பெயரைக் கேட்டதும் இந்த இரண்டாவது மாதிரி எழுதத் தோன்ற வேண்டும். தூண்டல் என்று போடவா?

பண்டாரவளை:
வேண்டாம் டீச்சர். மின்காந்தத் தூண்டல் ஏற்கெனவே பாடத்தில் இருக்கிறது. பிள்ளைகள் சுருளையும் காந்தத்தையும் தேடுவார்கள்.

பதுளை:
உயிரியலிலும் இருக்கிறதே சேர், தூண்டல், துலங்கல் என்று! கருவி தரும் விடைக்குத் துலங்கல் என்று இலவசமாக ஒரு பெயர் கிடைக்கிறது. தூண்டுவது என்றால் திரியை மேலே தள்ளிவிடுவது, அதனால்தான் தூண்டாவிளக்கு என்கிறோம். தூண்டிலும் இதே வேர்தான். இரை சரியில்லை என்றால் மீன் கடிக்காது, அதுவும் பொருந்துகிறது பாருங்கள்.

கண்டி:
மீனை விடுங்கள். நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல். கடைசியில் உள்ளது கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் வேலை வாங்கும். "கடைக்குப் போய் வருகிறாயா?" என்று அம்மா கேட்பது நம் விருப்பத்தை அறியவா? ஆகவே ஏவுரை.

ஹட்டன்:
ஐயா, எங்கள் பக்கம் ஏவல் என்றால் பில்லி சூனியம். பெற்றோர் கூட்டத்தில் யார் பதில் சொல்வது?

நுவரெலியா:
பணிப்புரை? அலுவலகத்தில் தினமும் எழுதுகிறோம்.

பதுளை:
சுற்றறிக்கை வாசனை அடிக்கிறது.

தலவாக்கலை:
பெரியவர்கள் கோபிக்க வேண்டாம். தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் கங்காணி "வேலைக்குப் போங்க" என்று மட்டும் சொன்னால் யார் எங்கே போவது? எந்த மலை, எந்த நிரை, கொழுந்தா புல்வெட்டா என்று சொல்ல வேண்டும். டீச்சர் கேட்டது அதைத்தானே? சொல் எதுவானாலும் பக்கத்தில் இந்த உதாரணத்தைப் போடுங்கள். என்னைக் கேட்டால் புரொம்ப்ட் என்றே விடலாம். தோட்டத்து வரிசை வீட்டைச் சொன்ன "லைன்" லயமாகி நூறு வருசத்துக்கு மேல் நம்மோடு குடியிருக்கிறது, யாரும் அழவில்லை.

கண்டி:
லயம் வாய்க்கு வந்ததால் நின்றது தம்பி. புரொம்ப்ட் என்று ஐந்து தரம் வேகமாகச் சொல்லிப் பாரும். இப்படி விட்டுவிட்டுத்தான் இன்னும் இயற்பியலைப் பௌதிகவியல் என்கிறோம்.

பண்டாரவளை:
பௌதிகவியலுக்கு என்ன குறை? முதலில் கணனியா கணினியா என்று முடிவெடுங்கள்.

(இதற்குப் பிறகு பதினொரு மடல் கணனி பற்றியே. தாண்டிப் போகலாம்.)

ஹட்டன்:
அச்சகத்திலிருந்து இரண்டு தரம் அழைத்துவிட்டார்கள். ஏவுரைக்கு நாலு பேர், தூண்டலுக்கு இரண்டு, மற்றவர்கள் களைத்துப் போய்விட்டார்கள். ஏவுரை என்று போட்டு, முதல் தடவை மட்டும் பக்கத்தில் புரொம்ப்ட் என்றும் எழுதிவிட்டேன். பிரட்டுக்களம் மூன்றாம் பக்கத்தில், படத்தோடு.

பண்டாரவளை:
என் ஓட்டு எதற்கும் இல்லை. எழுதி வையுங்கள்.

பதுளை:
சரி, தூண்டல் போகட்டும். துலங்கல் என்ன பாவம் செய்தது?