9.1 சிஜிபிஏ இருக்கிறது, ஆனர்ஸ் எடுக்கலாமா?

ஈசிஇ_தாம்பரம்:

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு தனியார் கல்லூரியில் ஈசிஇ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) இரண்டாம் ஆண்டு முடிக்கப்போகிறேன். சிஜிபிஏ 9.1, அரியர் எதுவும் இல்லை. ஐந்தாம் செமஸ்டரிலிருந்து ஆனர்ஸ் எடுப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்கவேண்டும் என்கிறார்கள். 2021 ரெகுலேஷன்படி, அதாவது பல்கலைக்கழகத்தின் பாடத்திட்ட விதிப்படி, 18 கிரெடிட் கூடுதலாகப் படிக்கவேண்டும், அதாவது மூன்று கிரெடிட் பாடம் ஆறு. நான் எடுத்தால் சிப் டிசைன் பக்கம்தான் எடுப்பேன்.

அப்பா பத்தாவது வரை படித்தவர், குரோம்பேட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். டிகிரி சர்டிபிகேட்டில் 'ஆனர்ஸ்' என்று வந்தால் ஃபிரேம் போட்டுக் கடையில் மாட்டுவேன் என்கிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் காலேஜ் பஸ்ஸுக்கு 6.20க்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஆறு மணி ஆகிறது, இதற்கு மேல் ஆறு பாடம் என்றால் ப்ராஜெக்ட், கோடிங் எல்லாம் எப்போது செய்வது? பிளேஸ்மென்ட்டுக்கோ வெளிநாட்டில் எம்எஸ்ஸுக்கோ இது உண்மையிலேயே உதவுமா?

வெரிஃபிகேஷன்_பையன்:

தங்கச்சி, நான் 2025 பேட்ச், 2021 ரெகுலேஷனில் முதலில் வெளியே வந்த செட். இப்போது சென்னையிலேயே சிப் வெரிஃபிகேஷன் வேலை, அதாவது சிப் டிசைன் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பது. ஆனர்ஸில் சேர்ந்து இரண்டு பாடம் முடித்துவிட்டு விட்டவன். அப்படி விட்டால் படித்தது வீணாகாது, சிலபஸில் எப்படியும் படிக்கவேண்டிய ப்ரொஃபஷனல் எலெக்டிவ் (நம் துறையில் நாமே தேர்ந்தெடுக்கும் பாடம்) இடத்தில் அதை வைத்துக்கொள்ளலாம். பலருக்கு இது தெரியாமலே பயப்படுகிறார்கள்.

பிளேஸ்மென்ட் பற்றிச் சொல்கிறேன். எங்கள் காலேஜுக்கு வந்த கம்பெனிகளின் படிவத்தில் பத்தாவது, பன்னிரண்டாவது மார்க், சிஜிபிஏ, அரியர் இவைதான் கேட்டார்கள், ஆனர்ஸ் என்று ஒரு கட்டமே கிடையாது. என் இன்டர்வியூவில் நாற்பது நிமிடமும் ஒரே விஷயத்தைப் பற்றித்தான் பேச்சு, எஃப்பிஜிஏ போர்டில் (நாம் எழுதுகிற சர்க்யூட்டை அமைத்துப் பார்க்கக்கூடிய சிப் உள்ள போர்டு) நான் எழுதிய யூஆர்ட் ரிசீவர், அதாவது ஒவ்வொரு பிட்டாக வரும் எழுத்தைப் படிக்கிற சர்க்யூட். 50 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் 9600 பாட், அதாவது நொடிக்கு 9600 பிட், வேண்டுமானால் ஒரு பிட்டுக்கு 5208 கிளாக் எண்ணவேண்டும், ஆனால் எழுத்து தொடங்குவதைக் காட்டும் ஸ்டார்ட் பிட் விழுந்ததும் முதலில் அதில் பாதி, 2604 எண்ணி, பிட்டின் நடுவில் போய் நின்றுதான் படிக்கவேண்டும். நான் பிட்டின் விளிம்பிலேயே படித்துக்கொண்டிருந்தேன், அதனால் ஒரே எழுத்தை அனுப்பினாலும் ஒரு தடவை சரியாக வரும், அடுத்த தடவை குப்பையாக வரும். மூன்று ராத்திரி தூங்கவில்லை. அதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று இன்டர்வியூ எடுத்த மேடம் கேட்டுக் கேட்டு, அங்கிருந்த எழுதுபலகையில் வேவ்ஃபார்ம் (சிக்னல் ஏறி இறங்குவதைக் காட்டும் படம்) வரையச் சொன்னார். வேலை கிடைத்தது அதனால்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆனால் ஒன்று, அந்த எஃப்பிஜிஏ போர்டை முதலில் கையில் தொட்டதே ஆனர்ஸ் பாடத்துக்குப் போன இடத்தில்தான்.

பேராசிரியை_ஓஎம்ஆர்:

அம்மா, பதினாறு வருஷமாக ஈசிஇ எடுக்கிறேன். சர்டிபிகேட்டில் என்ன வரும் என்பதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு மூன்று விஷயம் விசாரித்துவிட்டு வா. பாடத்தை யார் எடுக்கப்போகிறார், எந்த நேரத்தில் எடுப்பார், லேப் திறந்திருக்குமா.

ஏன் சொல்கிறேன் என்றால், முன்பு நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் ஆனர்ஸ் வகுப்பைச் சனிக்கிழமை மதியம் வைத்தார்கள். சேர்ந்த ஏழு பிள்ளைகளும் வகுப்பில் முதல் வரிசை, அவர்களுக்குக் கிடைத்தது யாரோ தயாரித்த பிபிடியும் இரண்டு மார்க் கேள்வி வங்கியும்தான். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு இன்னும் ஆறு பரீட்சை கொடுப்பதைப் பரிசு மாதிரி நினைக்கிறோமே, அது எனக்கு இன்றுவரை மனசு ஆறவில்லை. இன்னொரு இடத்தில் ஒன்பது பேர் சேர்ந்தார்கள், லோ பவர் ஐசி டிசைன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிப் வடிவமைப்பு) பாடம் எடுத்தவர் அவர்களோடு லேபிலேயே உட்கார்ந்துவிடுவார். அதில் மூன்று பேரின் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் அங்கேயே பிறந்தது. அவர்களுக்கு அவர் எழுதிய சிபாரிசுக் கடிதத்தில் 'நல்ல மாணவி' என்ற வெறும் வரி இல்லை, எந்த ராத்திரி எந்தத் தப்பை எப்படித் தேடினாள் என்று இருந்தது.

பாடம் எடுக்கிற ஆள் சரியில்லை என்றால் அதே பாடத்தை என்பிடெலில் (ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் வகுப்பு) எடு, பரீட்சைக் கட்டணம் ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய்தான். மிச்ச நேரத்தில் மூன்றாம் வருஷக் கோடையில் ஐஐடி மெட்ராஸ் சம்மர் ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பம் போடு. இரண்டு மாதம் ஒரு நல்ல லேபில் உட்கார்ந்தால் அதன் ருசியே வேறு.

மந்தைவெளி_டு_அமெரிக்கா:

எம்எஸ் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். அமெரிக்காவில் ஆனர்ஸ் என்பது வேறு சங்கதி. அரிசோனா ஸ்டேட்டில் பாரெட், பென் ஸ்டேட்டில் ஷ்ரேயர் என்று தனி ஆனர்ஸ் கல்லூரிகளே இருக்கின்றன. பல்லாயிரம் பேர் படிக்கிற அரசுப் பல்கலைக்கழகத்துக்குள் ஒரு சின்னக் கல்லூரி மாதிரி. சின்ன வகுப்புகள், பாடங்களுக்கு முன்கூட்டியே பதிவு, தங்குவதற்குத் தனி விடுதி, கடைசியில் தீசிஸ். அங்கே இளநிலை படிக்கப்போகிற பிள்ளைக்கு ஆனர்ஸ் அழைப்பு வந்தால் கண்டிப்பாக யோசிக்கலாம்.

நம் ஊர் சர்டிபிகேட்டில் இருக்கிற ஆனர்ஸைப் பார்த்து அங்கே இருப்பவர்கள் அதையெல்லாம் நினைத்துக்கொள்ள மாட்டார்கள். டெல்லி பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் என்றால் ஒரு மெயின் பாடத்தில் பட்டம், நம் இன்ஜினியரிங்கில் 18 கிரெடிட் கூடுதல், ஒரே சொல்லுக்கு ஊருக்கு ஊர் அர்த்தம் மாறுகிறது. அவர்கள் புரட்டிப் பார்ப்பது டிரான்ஸ்கிரிப்டில் என்னென்ன பாடம், எஸ்ஓபி (ஏன் படிக்க விரும்புகிறோம் என்று நாமே எழுதும் கட்டுரை), மூன்று சிபாரிசுக் கடிதம். மேடம் சொன்ன மாதிரிக் கடிதம் ஒன்று இருந்தால் போதும், என்னைக் காப்பாற்றியதே அதுதான்.

ஈசிஇ_தாம்பரம்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்றைக்கு மூன்றையும் விசாரித்தேன். லோ பவர் பாடத்தை எடுக்கப்போகிற சார் முன்பு ஒரு டிசைன் கம்பெனியில் வேலை பார்த்தவராம். மற்ற பாடங்களுக்கு இன்னும் ஆள் முடிவாகவில்லை. பெயர் கொடுத்துவிட்டேன், ஐந்தாம் செமஸ்டரில் அவருடைய பாடம் மட்டும், பிடித்தால் தொடர்வேன். பாதியில் நிறுத்தினால் எலெக்டிவ்வில் சேரும் என்பதை ஆபீஸிலும் உறுதி செய்துகொண்டேன்.

அப்பாவிடம் சொன்னேன், ஃபிரேம் வராமலும் போகலாம் என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "அந்த போர்டு எவ்வளவு ஆகும், ஒன்று வாங்கலாமா?" என்றார். முதலில் லேபில் இருப்பதைச் சனி, ஞாயிறு வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று கேட்டிருக்கிறேன், திங்கள்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறார்கள்.