பதில்: ‘ரீட்அவுட்’ – வாசிப்பா, அளந்தெடுப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கேமராவில் ஒளியைப் பிடிக்கும் சில்லான உணரியில் சேர்ந்த மின்னூட்டத்தை அளந்து வெளியே எடுப்பதை ஆங்கிலத்தில் ‘ரீட்அவுட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பதுதான் இங்கே கேள்வி. இந்த இழையில் ஐயா முன்மொழிந்த ‘வாசிப்பு’ எனக்கு ஒட்டவில்லை. வீட்டுக்கு மின்கணக்கு எடுக்க வருபவரை ‘மீட்டர் வாசிக்க வந்தார்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ரீடிங் எடுக்க வந்தார்’ என்போம். ஆங்கிலச் சொல்லைக் கடன் வாங்கினாலும் வினை மட்டும் தமிழில் ‘எடு’ என்றுதான் வருகிறது.

உணரிக்குள் என்ன நடக்கிறது? சிலிக்கான் மேல் ஒளி பட்டதும் எலக்ட்ரான்கள் (இலங்கை நண்பர்களுக்கு இலத்திரன்கள்) விடுபட்டு அந்தந்தப் படப்புள்ளியின் (பிக்சல்) குழியில் சேர்கின்றன. 1969இல் பெல் ஆய்வகத்தில் பாயிலும் ஸ்மித்தும் கண்டுபிடித்த சிசிடி வகை உணரியில், இந்த மின்னூட்டம் கட்டட வேலையில் கலவைச் சட்டி கைமாறுவதுபோல நிரைக்கு நிரை (கிடையாக உள்ள வரிசை) நகர்ந்து, மூலையில் இருக்கும் பெருக்கியிடம் (ஆம்ப்ளிஃபையர்) போய்ச் சேரும். இன்றைய கைபேசிகளில் இருக்கும் சிமாஸ் வகை உணரியில் அந்த நெடும்பயணம் இல்லை. குழிக்குப் பக்கத்திலேயே பெருக்கி. முதலில் காலிக் கணுவை (மின்னூட்டம் வந்து இறங்கும் இடம்) அளக்கிறது, அப்புறம் மின்னூட்டத்தை அதில் இறக்கி மறுபடி அளக்கிறது, கழிக்கிறது. எண்ணெய் வாங்கும்போது வெறும் தூக்குச்சட்டியைத் தனியே எடைபோட்டுக் கழிப்பார்களே, அதேதான்.

ஆக, குழியில் இருப்பதை வெளியே எடுத்துத்தான் அளக்கிறார்கள். அளந்தபின் குழி காலி. ‘அளவெடுப்பு’ சுருக்கமாக இருக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். தையற்காரர் அளவெடுத்தால் நம் தோளில் ஒன்றும் குறையாது. குதிரிலிருந்து படியால் அரிசியை அளந்தெடுத்தால் குதிர் குறையும். எனவே என் வாக்கு ‘அளந்தெடுப்பு’க்கு. தேர்ந்தெடுப்பு என்று ஏற்கெனவே சொல்கிறோம், ஆகவே சொல்லமைப்பு புதிதல்ல. அளந்தெடுத்த மதிப்பு, அளந்தெடுக்கும் நேரம் என்று வேறு தொடர்களிலும் எளிதாகப் பொருந்துகிறது.

அடுத்து ‘ரோலிங் ஷட்டர்’. உணரியின் நிரைகள் ஒரே நேரத்தில் அல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஒளி வாங்குவதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். ‘உருள்மூடி’ வேண்டவே வேண்டாம். உருள்வதும் இல்லை, மூடுவதும் இல்லை. கடைக் கதவு மாதிரி ஒலிக்கிறது. சுழலும் மின்விசிறியைக் கைபேசியில் எடுத்தால் இறக்கை வாழைப்பழம்போல வளைவது இதனால்தான். மேல் நிரைக்கும் கீழ் நிரைக்கும் இடையே 20 மில்லிவிநாடி இடைவெளி என்று வையுங்கள். நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும் விசிறி அதற்குள் 36 பாகை நகர்ந்திருக்கும்.

போன வாரம் இதற்கு ‘நிரைவழி அளந்தெடுப்பு’ என்று எழுதியது நான்தான். அதைத் திரும்பப் பெறுகிறேன். ‘குளோபல் ஷட்டர்’ உள்ள சிமாஸிலும் அளந்தெடுப்பு பெரும்பாலும் நிரை நிரையாகத்தான் நடக்கிறது. அங்கே எல்லாப் படப்புள்ளிகளும் ஒரே நேரத்தில் ஒளி வாங்கி நிறுத்தி, மின்னூட்டத்தை வெளிச்சம் படாத ஓர் அறையில் வைத்துவிட்டு முறைக்குக் காத்திருக்கின்றன. வேறுபாடு ஒளி வாங்கும் நேரத்தில்தான். ஆகவே ‘நிரைவழி ஒளியேற்பு’, ‘ஒருசேர ஒளியேற்பு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. கணக்குப் பாடத்தில் நிரை, நிரல் (மேலிருந்து கீழாக உள்ள வரிசை) என்று படித்தோம். கணினிக்காரர்களுக்கோ நிரல் என்றால் ‘புரோகிராம்’. நிரலுக்கு ஒன்றாக உணரியின் அடியில் வரிசையாக இருக்கும் எண்மாற்றியை (அளந்த மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சுற்று) ‘நிரல் மாற்றி’ என்றால் மென்பொருள் என்றே நினைப்பார்கள். ‘நெடுவரிசை மாற்றி’ என்றால் பரவாயில்லையா, அல்லது நிரையையும் சேர்த்துக் ‘கிடைவரிசை’ ஆக்க வேண்டிவருமா?