துடுப்புப் படகில் தனியாகப் போனபோது கடலில் யாரைச் சந்தித்தீர்கள்?

நானே தொடங்குகிறேன். பினாங்குத் தீவின் தெலுக் பஹாங் படகுத்துறையிலிருந்து முகா முனையைச் சுற்றிப் பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்கு விசைப்படகில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. துடுப்புப் போட்டுப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

போன செப்டம்பரில் ஒருநாள் காலை ஐந்தரைக்கே கரைக்குப் போய்விட்டேன். நாலு மீட்டர் சம்பான் படகு, ஐந்து லிட்டர் தண்ணீர், அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சாதம். காற்றே இல்லை. படகைத் தள்ளப் போன நேரத்தில், வலை பிரித்துக்கொண்டிருந்த மலாய்ப் பெரியவர் ஒருவர் மேற்கே கையை நீட்டி, "துங்கு டுலு" என்றார். கொஞ்சம் பொறு என்று அர்த்தம். எனக்கு வானத்தில் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. ஆனாலும் அவர் சொன்ன விதத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

முக்கால் மணி நேரத்தில் காற்று வந்து அறைந்தது. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, சுமாத்திரா பக்கம் இரவில் திரளும் இடிமேகங்கள் விடியற்காலையில் வரிசை கட்டி நம் கரைக்கு வரும். படித்திருக்கிறேன், அதன் நடுவில் நின்றதில்லை. கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதின. போயிருந்தால் அந்நேரம் முனைக்குப் பக்கத்தில், பாறையைத் தவிர ஒதுங்க இடமில்லாமல் இருந்திருப்பேன்.

ஒன்பது மணிக்கு மேல்தான் கிளம்பினேன். துடுப்புப் போடுபவன் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பான். விட்டு வந்த கரைதான் கண்ணில் இருக்கும். படகுத்துறையின் நுனியையும் அதற்குப் பின்னால் இருந்த மலை மடிப்பையும் ஒரே கோட்டில் வைத்துக்கொண்டு இழுத்தேன். இரண்டும் விலகினால் படகு கோணிவிட்டது என்று அர்த்தம். முனையில் மேலே 1883இல் கட்டிய கலங்கரை விளக்கம். கீழே பாறையில் மோதித் திரும்பும் அலையும் புதிதாக வரும் அலையும் சேர்ந்து தண்ணீரைக் கொதிக்க வைத்தன. இரண்டு முறை துடுப்பு காற்றில் வீசி மல்லாந்தேன். ஒரு கையால் தண்ணீரை இறைத்து, மறு கையால் படகின் மூக்கை அலைக்கு நேராகப் பிடித்தேன். பயந்தேன்.

முனை தாண்டியதும் கடல் அடங்கியது. பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். திரும்பினால், கைக்கெட்டும் தூரத்தில் ஓர் ஆமையின் தலை. பச்சை ஆமைகள் முட்டையிட வரும் கரை அது. ஒருமுறை மூச்செடுத்து, என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

* * *

நான் பினாங்குப் பாலத்துக்குத் தெற்கே, ஜெரெஜாக் தீவை ஒட்டித் தனியாகத் துடுப்புப் போட்டேன். அந்தக் காலத்தில் கப்பலில் வந்த தொழிலாளர்களை நோய்க்குப் பயந்து தடுத்து வைத்த தீவு. எங்கள் கொள்ளுத்தாத்தா அங்கே இருந்தாரா என்று சொல்ல வீட்டில் யாருமில்லை. தண்ணீர் மட்டத்திலிருந்து பார்த்தபோது இக்கரை அவ்வளவு பக்கத்தில் இருந்தது. இதைப் பார்த்துக்கொண்டேதானே நாள்கணக்கில் காத்திருந்திருப்பார்கள்! அழுகை வந்துவிட்டது, துடுப்பை உள்ளே இழுத்து வைத்துவிட்டேன். நீரோட்டம் படகை ஒரு மீன் கூண்டுப் பண்ணையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. காவலுக்கு இருந்தவர் ஒன்றும் கேட்காமல் கயிற்றைக் கட்டி, பாலில்லாத கோப்பி ஓ ஊற்றிக் கொடுத்தார்.

சரி, அந்தப் பெரியவரை மறுபடி பார்த்தீர்களா அண்ணே?

* * *

அடுத்த வாரமே போனேன், தங்கச்சி. புளிச்சாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்கு வானத்தில் எதைப் பார்த்தீர்கள் பாக்சிக் (மாமா) என்று கேட்டேன். மேற்கே தாழ இருந்த நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயினவாம். அப்புறம், சத்தமே இல்லாமல் அடிவானம் இரண்டு தடவை வெளுத்ததாம். அப்போது நான் குனிந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேனாம்.