போர்ட் மோர்ஸ்பியில் டோக் பிசின்: எல்லாருக்கும் பொதுவா, ஒரு தரப்பின் மொழியா?

சொல்லேர்:
வணக்கம். கிரியோல் மொழிகளை, அதாவது பல மொழியினர் கலந்து பழகியதில் உருவாகிப் பின் தாய்மொழியாகிவிட்ட மொழிகளை, முதுகலை வகுப்புக்காகப் படித்து வருகிறேன். 800-க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் பப்புவா நியூ கினியின் தலைநகரான போர்ட் மோர்ஸ்பியில், ஆங்கிலச் சொற்களை அடிப்படையாகக் கொண்ட டோக் பிசின் என்ற கிரியோல் எந்த இனத்துக்கும் சொந்தமில்லாத பொதுமொழி என்றும், அதையே தாய்மொழியாகக் கொண்டு வளரும் பிள்ளைகள் குல அடையாளத்தை விட்டு நகரத்தவராக மாறிவிடுகிறார்கள் என்றும் பாடத்தில் வருகிறது. அந்நாட்டை அறிந்தவர்கள் கூறுங்கள்: நடைமுறை அப்படித்தானா?

தென்கடல்:
முதல் பாதியிலேயே எனக்கு உடன்பாடில்லை. அந்த நகரம் மோட்டு, கொய்ட்டா மக்களின் நிலத்தில் எழுந்தது. பிரித்தானியரும் பின்னர் ஆஸ்திரேலியரும் ஆண்ட தென்பகுதியான பப்புவாவுக்குத் தலைநகராக இருந்தது. அங்கே காவலர்கள் வழியாகப் பரவிய பொதுமொழி, மோட்டுவின் எளிய வடிவமான ஹிரி மோட்டு. போலீஸ் மோட்டு என்றே அதற்கு முன்னர் பெயர். டோக் பிசினோ, ஜெர்மனியர் ஆண்ட வடபகுதியிலிருந்து சமோவாவுக்கும் நியூ பிரிட்டனுக்கும் தோட்டக் கூலிகளாகப் போனவர்களிடையே வேரூன்றியது. 1975-இல் நாடு விடுதலை பெற்றதையொட்டிய ஆண்டுகளில் வடக்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் மக்கள் பெருமளவில் தலைநகருக்கு வந்தபோது டோக் பிசினும் அவர்களுடன் வந்தது. ஆகவே பழைய பப்புவாக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது வெளியிலிருந்து வந்தவர்களின் மொழி. ஜோசபின் அபாய்ஜா தலைமையில் 1970-களில் பப்புவாவுக்குத் தனிநாடு கேட்ட பப்புவா பெசேனா இயக்கத்தை அறியாமல் இந்த மனக்கசப்பைப் புரிந்துகொள்வது கடினம். ஹிரி மோட்டு இன்றும் ஆட்சிமொழிகளுள் ஒன்றுதான். ஆனால் தெருவில் டோக் பிசினே மேலோங்கிவிட்டது.

பாக்குமரம்:
அந்நகரில் சில காலம் ஆசிரியராகப் பணியாற்றியவன் என்ற முறையில் இரண்டாம் பாதிக்கு விடை எழுதுகிறேன். என் வகுப்பில் ஒரு மாணவனின் தந்தை மலைநாட்டுச் சிம்பு மாகாணத்தவர், தாய் வடக்கேயுள்ள செப்பிக் பகுதியினர். வீட்டில் இருவருக்கும் பொதுவானது டோக் பிசின் மட்டுமே என்பதால் பையனுக்கு வேறு மொழியே தெரியாது. 'யு பிலோங் வே?', அதாவது 'நீ எந்த ஊர்?' என்று யார் கேட்டாலும், தான் கண்ணால் பார்த்திராத சிம்புவைத்தான் அவன் தயங்காமல் சொல்வான். கார்டன்ஸ் சந்தையில் பாக்கு விற்கும் பெண்கள் முதலில் எல்லாரிடமும் டோக் பிசினில்தான் விலை சொல்வார்கள். வந்தவர் தம் பகுதிக்காரர் என்று பேச்சின் சாயலில் தெரிந்துவிட்டால் ஊர்மொழிக்கு மாறி, வான்டோக் (ஒரே மொழி பேசும் சொந்தக்காரர்) என்று உறவு கொண்டாடி, கொசுறாக இரண்டு பாக்கும் சேர்த்துக் கொடுப்பார்கள். (அந்தக் கொசுறு எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.) நகரத்தில் வான்டோக் என்ற வட்டம் ஒரே ஊர், ஒரே மொழி என்பதோடு நிற்பதில்லை, ஆள் குறைவான இடத்தில் ஒரே மாகாணத்தவரும், வெளிநாட்டுக்குப் போய்விட்டால் நாட்டவர் அனைவருமே வான்டோக்தான். ஆகவே பிள்ளைகள் குல அடையாளத்தை விட்டுவிடுகிறார்கள் என்பதைவிட, அதை டோக் பிசினிலேயே சொல்லிக்கொள்கிறார்கள் என்பதே நான் கண்டதற்குப் பொருந்தும்.

சொல்லேர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் நகரத்துப் பிள்ளைகளின் டோக் பிசினுக்கென்று தனி அடையாளம் எதுவும் இல்லையா?

நன்னூலான்:
உண்டு, அது பேச்சின் வேகத்திலும் ஆங்கிலச் சொற்களின் அளவிலும் வெளிப்படுகிறது. எதிர்காலத்தைக் காட்டும் 'பைம்பை' என்ற பழைய சொல் வாக்கியத்தின் தொடக்கத்தில் நின்றது. பின்னர் அது 'பை' என்று குறுகி வினையை ஒட்டி வந்தது. அந்நாட்டின் லே நகரத்தில் 1970-களில் ஆராய்ந்தவர்கள், டோக் பிசினைப் பிறப்பிலிருந்தே பேசிய பிள்ளைகள் அதை இன்னும் தேய்த்து ஒலித்ததைப் பதிவு செய்தார்கள். கவனிக்க வேண்டியது, இம்மாற்றம் பெற்றோர் தலைமுறையிலேயே தொடங்கிவிட்டது. பிள்ளைகள் அதை விரைவுபடுத்தினார்கள், அவ்வளவே. கிராமத்திலிருந்து புதிதாக வந்தவரை நகரத்தார் அடையாளம் காண்பது இத்தகைய வேறுபாடுகளால்தான். மேலும், தமிழில் நாம், நாங்கள் என்று பிரிப்பதைப் போலவே டோக் பிசினில் 'யுமி', 'மிபெலா' என்ற பிரிவு உண்டு. களப்பணிக்குப் போவதானால், மோட்டு இளைஞர் ஒருவர் மலைநாட்டு நண்பரிடம் நிலத்தைப் பற்றிப் பேசும்போது எந்த இடத்தில் 'யுமி' 'மிபெலா'வாக மாறுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் நேரடியாகக் கேட்டுப் பெறும் விடைகளைவிட அது கூடுதலாகவே சொல்லும்.